‘தனித்தனியாக’ என்று எழுதிய வாக்கியம்

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர்களே, செக்லிஸ்டைக் கடைசி நாளில் உட்கார்ந்து நிரப்புகிறவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். அதாவது, உங்கள் எல்லோருக்காகவும். சமுதாய மருத்துவத் துறையில் காலம் தள்ளிவிட்டு, இப்போது ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருக்கிறேன். நானும் அப்படித்தான் நிரப்பினேன். அதனால் முகம் சுளிக்காமல் படிக்கலாம்.

ஒரு சிகிச்சை பலன் தருமா என்று தெரிந்துகொள்ள, அதைப் பற்றி உலகத்தில் நடந்த ஆய்வுகளை எல்லாம் தேடிச் சேர்த்து, சலித்து, மிஞ்சியதை வைத்து ஒரு முடிவு சொல்வதுதான் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. அதை எழுதும்போது எதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்பதற்கு ஒரு வழிகாட்டி உண்டு. எங்கே தேடினாய், எதைச் சேர்த்தாய், எதைத் தள்ளினாய், ஏன் தள்ளினாய், அதை முடிவு செய்தது யார் என்று வரிசையாகக் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரில் ஒரு கட்டம். இதுதான் அந்தச் செக்லிஸ்ட். பதில் கட்டுரையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அதில் குறிக்க வேண்டும். நம் ஆட்கள் பக்க எண்ணை மறக்காமல் எழுதிவிடுவார்கள். பதில் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்பது வேறு விஷயம். எனக்குத் தெரிந்த ஒருவர் எல்லாக் கட்டத்திலும் ‘பக்கம் ஐந்து’ என்று எழுதி அனுப்பினார். அவருடைய கட்டுரையே நான்கு பக்கம்தான்.

அவரைப் பார்த்துச் சிரித்தவள் நான். என் கதை அதைவிட மோசம்.

எங்கள் கல்லூரி மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கென்று தனியாக ஒரு கிளினிக் இருந்தது. காலில் உணர்ச்சி குறைந்துபோனவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது, வெயிலில் கல் சுட்டாலும் தெரியாது. அவர்களுக்காக அங்கே விசேஷமான பாதணி செய்து கொடுத்தார்கள். அந்தக் கிளினிக்கை நடத்திய சர்ஜன் ஒரு நாள் என் அறைக்கு வந்து, “மேடம், இதைப் போட்டா மறுபடி புண்ணு வர்றது குறையுதா, இல்லையா? ஆராய்ச்சியெல்லாம் என்ன சொல்லுதுன்னு ஒரு தடவை முறையாப் பார்த்துச் சொல்லுங்க” என்றார். நல்ல கேள்வி. அதை என்னிடம் முதுநிலை படித்துக்கொண்டிருந்த பொற்கொடியிடம் கொடுத்தேன்.

பொற்கொடி துறையூர்ப் பக்கம். அப்பா விவசாயி. அந்தக் குடும்பத்தில் முதல் டாக்டர். அதிகம் பேசமாட்டார், ஆனால் ஒரு வேலையைக் கொடுத்தால் அடுத்த வாரம் நாம் மறந்திருந்தாலும் அவர் மறந்திருக்க மாட்டார். இறுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால், ஒரு கட்டுரையாவது பத்திரிகையில் ஏற்கப்பட்டதற்கான கடிதத்தைக் காட்ட வேண்டும் என்பது அப்போது எங்களுக்கு இருந்த விதி. பொற்கொடிக்கு இந்த ரிவ்யூதான் அந்தக் கட்டுரை. வேறு கையிருப்பு இல்லை. கடிதம் வராவிட்டால் தேர்வு ஆறு மாதம் தள்ளிப்போகும்.

இப்போது நாங்கள் சலித்த அழகைச் சொல்கிறேன். தேடலில் கிடைத்த தலைப்புகளும் சுருக்கங்களும் மலை போலக் குவிந்திருந்தன. சலிப்பு என்று அந்த வேலைக்குத் தமிழில் பெயர் வைத்தவர் யாரோ, அனுபவித்துத்தான் வைத்திருக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல், ‘சேர்’ அல்லது ‘வேண்டாம்’ என்று குறிக்க வேண்டும். பிறகு இரண்டு பட்டியலையும் ஒப்பிட வேண்டும். எனக்கு எங்கே நேரம்? மாணவர்களின் விடைத்தாள் கட்டு மேஜையில் கிடந்தது. பொற்கொடியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவர் கணினியில் ஒவ்வொன்றாக வாசித்தார். நான் தாள் திருத்திக்கொண்டே பதில் சொன்னேன்.

“இது எலி மேல பண்ணினது மேடம்.”

“வேண்டாம். அடுத்தது.”

“இது ஷூ. ரெண்டு குரூப் வச்சு ஒப்பிட்டிருக்காங்க மேடம்.”

“சேரு. அடுத்தது.”

“இதுல சாண்டல்ஸ்னு போட்டிருக்கு மேடம். செருப்பு மாதிரி...”

“ஷூ இல்லையே? வேண்டாம். அடுத்தது.”

மூன்று மதியங்களில் மலையைக் கரைத்துவிட்டோம். எனக்குப் பெருமை வேறு. கையில் இருந்தது ஒரே ஒரு பட்டியல்.

கட்டுரை எழுதும்போது, முறைகளைச் சொல்லும் பகுதிக்கு என் பழைய கட்டுரை ஒன்றை எடுத்துக் கொடுத்து, “இதே மாதிரி எழுதிடும்மா” என்றேன். அதில் ஒரு ஆங்கில வாக்கியம் இருந்தது. ‘இரு ஆய்வாளர்கள் தனித்தனியாகச் சலித்தனர்’ என்று பொருள். அது அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. செக்லிஸ்டில் அந்தக் கேள்விக்கு எதிரே பக்க எண்ணை நானே என் கையால் எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. இரண்டு பேர் இருந்தோம் அல்லவா? அதுவே போதும் என்று மனசு சொல்லிவிட்டது. முடிவில், விசேஷ ஷூவினால் தெளிவான பலன் தெரியவில்லை என்று எழுதி அனுப்பினோம்.

பத்திரிகையிலிருந்து நல்ல சேதிதான் வந்தது. சின்னச் சின்னத் திருத்தங்கள். கடைசி வரியில் ஒரு கோரிக்கை: இரண்டு ஆய்வாளர்களும் தனித்தனியாக எடுத்த முடிவுகளின் பட்டியல்களையும், இருவரும் எந்த அளவுக்கு ஒத்துப்போனார்கள் என்ற கணக்கையும் அனுப்பவும். மூன்று வாரம் கெடு. தேர்வு விண்ணப்பத்துக்கு அதற்கு மேல் ஒரு வாரம் இருந்தது. பொற்கொடி கடிதத்தைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ரெண்டாவது லிஸ்ட் இல்லைங்களே மேடம்?”

“நான் பார்த்துக்கறேன்” என்றேன்.

எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதைத்தான் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, பொற்கொடியின் பட்டியலை நகல் எடுத்தேன். ஒரு பத்தியின் தலையில் அவர் பெயர், பக்கத்துப் பத்தியில் என் பெயர். இரண்டிலும் ஒரே பதில். அப்படியே அனுப்பினால் எவன் நம்புவான்? இரண்டு மனிதர்கள் இத்தனை விஷயத்தில் ஒரு இடத்தில்கூட முரண்படவில்லை என்றால் சந்தேகம் வராதா? எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவரும் நானும் இட்லிக்கு என்ன தொட்டுக்கொள்வது என்பதில்கூட ஒத்துப்போனதில்லை. ஆகவே நம்பும்படியாகக் கொஞ்சம் கருத்து வேறுபாடுகளைத் தூவ வேண்டும். ‘வேண்டாம்’ என்று இருப்பதில் சிலவற்றை என் பத்தியில் ‘சேர்’ என்று மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது. எலி ஆய்வுக்கு ‘சேர்’ என்று போட்டால் என்னைப் பைத்தியம் என்பார்கள். இரண்டு பேர் நியாயமாக வேறுபடக்கூடிய ஆய்வு எது என்று தெரிய வேண்டும். தெரிய வேண்டுமென்றால் படிக்க வேண்டும். படித்தேன். அந்த ரிவ்யூவில் நான் ஒரு சுருக்கத்தை ஒழுங்காக, மனசு வைத்துப் படித்தது அன்றைக்குத்தான். பொய்க்கு மெனக்கெட்ட அளவு நான் உண்மைக்கு மெனக்கெடவில்லை.

நாலைந்து சுருக்கங்கள் தாண்டியிருப்பேன். ஒன்று வந்தது. வெறுங்காலிலும் செருப்பிலும் நடக்கும் ஊர்க்காரர்களுக்கு மெத்தென்ற ரப்பர் வைத்துத் தைத்த செருப்பைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு. எங்கள் கேள்வி இதுவேதான். பக்கத்தில் ‘வேண்டாம்’. காரணம் எழுதும் கட்டத்தில் பொற்கொடி ஒழுங்காக எழுதியிருந்தார்: ‘ஷூ அல்ல.’

பட்டியல் முழுவதும் அந்தக் காரணத்தைத் தேடினேன். இன்னும் சில அகப்பட்டன. எல்லாம் செருப்பு. எல்லாம் ‘ஷூ அல்ல’ என்று வெளியே தள்ளப்பட்டவை. நாங்கள் முதலில் எழுதி வைத்த திட்டத்தில் ‘பாதணி’ என்றுதான் இருந்தது. ஷூ என்று எங்கேயும் இல்லை. வெளிநாட்டுக் கட்டுரைகளில் பார்த்த படங்கள் என் மண்டையில் உட்கார்ந்துகொண்டு, பாதணி என்றால் கயிறு கட்டிய ஷூ என்று ஆக்கிவிட்டன. சர்ஜனின் கிளினிக்கில் தைத்துக் கொடுத்ததும் செருப்பைத்தான். அதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். என் வீட்டு வாசலில் அன்று கிடந்தது அத்தனையும் செருப்பு. ஒரே ஒரு ஜோடி ஷூ இருந்தது, கணவர் பாங்கில் வேலை பார்த்தபோது வாங்கியது, அதில் தூசி படிந்திருந்தது. திருச்சியில் உட்கார்ந்துகொண்டு, கால் புண்ணைப் பற்றி எழுதிக்கொண்டு, செருப்பைத் தள்ளிவைத்திருக்கிறேன்.

“என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?” என்று கணவர் கேட்டார்.

“ஒண்ணுமில்ல. ஒரு தப்பு பண்ணிட்டிருந்தேன். பண்ணும்போதே இன்னொரு தப்பைக் கண்டுபிடிச்சுட்டேன்.”

“பரவாயில்லையே” என்று சொல்லிவிட்டு அவர் பேப்பருக்குள் போய்விட்டார்.

திங்கட்கிழமை பொற்கொடி நேரத்துக்கு முன்பே வந்து காத்திருந்தார். “லிஸ்ட் முடிஞ்சுதுங்களா மேடம்?” என்று கேட்ட குரலில் இருந்த நம்பிக்கை என்னை என்னவோ செய்தது. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கள்ளப் பட்டியல் தயாரித்ததையும் சொன்னேன். செருப்பு ஆய்வுகளைத் திறந்து காட்டினேன். அவருக்கு அதிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் கணினித் திரையைக்கூடப் பார்க்கவில்லை.

“அது எனக்குத் தெரியும் மேடம்.”

“என்ன தெரியும்?”

“அந்தச் செருப்பு பேப்பருங்க. வாசிக்கும்போதே தோணுச்சு. எங்கப்பாவுக்கும் சுகர்தாங்க மேடம். அவரு ஷூ போட்டு நான் பார்த்ததே இல்லை.”

“அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?”

“நீங்க அடுத்ததுன்னு சொல்லிட்டீங்களே மேடம்.”

முதலில் எனக்கு வந்தது கோபம். ஒளிப்பானேன்? தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டு, காரணம் வேறு எழுதி வைத்திருக்கிறாளே என்று சுள்ளென்று வந்தது. அந்தக் கோபம் போய், அது யார் மேல் வர வேண்டிய கோபம் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. நம் வீட்டிலும் பள்ளியிலும் வார்டிலும் எதை மரியாதை என்று சொல்லிக் கொடுத்தோமோ, அதைத்தான் செய்தார். மேடம் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேசக்கூடாது. எனக்கு அவமானமாக இருந்தது.

இதை நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். ‘தனித்தனியாக’ என்ற சொல்லை நான் அதுவரை வெறும் ஆள் எண்ணிக்கை என்றே நினைத்திருந்தேன். ஒருவர் கண் தப்பினால் இன்னொருவர் பிடிப்பார், அதற்காக இரண்டு பேர் என்று. அது பாதிதான். சின்னவர், பெரியவரின் முகத்தைப் பார்க்காமல், ‘நீங்கள் சொல்வது தப்பு’ என்று எழுத ஒரு இடம் வேண்டும். நேரில் சொல்ல நம் ஊரில் நாக்கு வராது. பட்டியலில் எழுத வரும். வழிகாட்டி எழுதியவர்களுக்கு நம்மைத் தெரியாது, ஆனால் அந்தக் கேள்வி நமக்காகவே எழுதின மாதிரி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து சலித்தால் இரண்டு தலை இருக்கும், மூளை ஒன்றுதான் வேலை செய்யும். அதுவும் பதவியில் பெரிய மூளை.

என்ன செய்யலாம் என்று அவரிடமே கேட்டேன். இரண்டு வழிகள்தான் இருந்தன. நான் செய்ததை மறைத்துவிட்டுக் கள்ளப் பட்டியலை அனுப்பலாம், கடிதம் வந்துவிடும், தேர்வு எழுதிவிடலாம். அல்லது உண்மையை எழுதிவிட்டு முதலிலிருந்து சலிக்கலாம், கெடுவுக்குள் முடியாது, தேர்வு போய்விடும். தவறு என்னுடையது, தண்டம் அவருக்கு. “கள்ளப் பட்டியலை நான் அனுப்பமாட்டேன் பொற்கொடி. ஆனா அதுக்கு விலை கொடுக்கப்போறது நீ. அதனால உன்கிட்ட சொல்லாம எதுவும் பண்ணமாட்டேன்” என்றேன்.

அவர் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஊருக்குப் போயிட்டு வரேன் மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் வரவில்லை. அவர் என் மேல் புகார் எழுதிப் போட்டாலும் நியாயம்தான் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் காலை வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“திரும்பப் பண்ணிடலாம் மேடம். அப்பாகிட்ட சொல்லிட்டேன். ஆறு மாசந்தானேன்னாரு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “ஆனா இந்தத் தடவை நீங்க பக்கத்துல உட்காரக் கூடாதுங்க மேடம்.”

பத்திரிகைக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். சலித்தது தனித்தனியாக அல்ல, அந்த வாக்கியம் என் பொறுப்பு, மாணவியின் பொறுப்பு அல்ல என்று எழுதினேன். கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, வேலையை முடித்துப் புதிதாக அனுப்பலாம் என்று பதில் வந்தது. கண்ணியமான பதில். பல்கலைக்கழகத்துக்கு, மாணவிக்கு விலக்குக் கொடுக்கும்படி ஒரு கடிதம் எழுதினேன். விதிப்படி இயலாது என்று இரண்டு வரி வந்தது. அதுவும் எதிர்பார்த்ததுதான்.

மறுபடி சலித்தோம். அவர் கல்லூரி நூலகத்தில், நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டில். இடையில் அதைப் பற்றிப் போனில் பேசுவதில்லை என்று ஒப்பந்தம். கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தால் சாம்பாரைப் பற்றிப் பேசினோம். பாதணி என்றால் செருப்பும் சேர்த்தி என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டோம்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தேடாதீர்கள். கட்டுரை பல மாதம் கழித்து வெளிவந்தது. பலன் இல்லை என்று நாங்கள் முதலில் எழுதியது மாறி, பலன் இருக்கக்கூடும், உறுதியாகச் சொல்ல இன்னும் நல்ல ஆய்வு வேண்டும் என்று ஆனது. பழைய முடிவைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது அந்தச் செருப்புத் தைப்பதை நிறுத்தியிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். முதல் தடவை எப்படிச் சலித்தோம், ஏன் திரும்பச் சலித்தோம் என்பதையும் கட்டுரையில் எழுதினோம். பொற்கொடி அடுத்த பருவத்தில் தேர்வு எழுதித் தேறினார். இன்று அவரும் முதுநிலை மாணவர்களுக்கு வழிகாட்டுகிறார்.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது பட்டியல்களை ஒப்பிட்ட நாள்தான். சர்ஜனின் அறை. இரண்டு பேருக்கும் கருத்து வேறுபட்டால் படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மூன்றாமவராக அவர் இருந்தார். அன்றைக்குத்தான் பொற்கொடியோடு படித்தவர்களுக்கு முதல் தாள். தேர்வுக்கூடம் அதே கட்டடத்தின் மாடியில். காலையில் அவர்கள் படியேறும் சத்தம் அறைக்குள்ளேயே கேட்டது. பேச்சு, சிரிப்பு, யாரோ பேனா கேட்டது எல்லாம். பொற்கொடி தலையை நிமிர்த்தவில்லை. மணி அடித்தது. மாடி அமைதியானது.

மேலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வந்தோம். சேர், சேர். வேண்டாம், வேண்டாம். ஒரு இடத்தில் நின்றோம். என் பட்டியலில் ‘வேண்டாம்’, அவர் பட்டியலில் ‘சேர்’. எனக்கு மதியம் கூட்டம் ஒன்று இருந்தது. பழக்கம் எங்கே போகும்? “இது சின்ன விஷயம்தான்மா. என்னோடதையே வச்சுக்கிட்டு மேல போகலாமே, நேரமாகுது” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. சர்ஜன் என்னைப் பார்த்தார். பொற்கொடி தன் தாளில் அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது.

“இல்லைங்க மேடம். நான் ‘சேர்’னுதான் போட்டிருக்கேன். மாத்தலை. சார் படிச்சுட்டுச் சொல்லட்டும்.”

சர்ஜன் வாங்கி, நிதானமாக முழுவதும் படித்தார். அந்த ஒன்றில் நான் சொன்னதுதான் சரி என்றார். பொற்கொடி காரணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். முகத்தில் வருத்தம் கொஞ்சமும் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்பதைக்கூடக் கவனிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.